மலை இல்லாத ஊரில் காற்றுதான் மலை! கீழவைப்பாரைச் சுற்றி சைக்கிளில் போகலாமா?

சைக்கிள் பிரியர்கள் நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே மலை ஏறிவிடும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, ஊட்டி கல்லட்டிக்கு 36, ஏற்காட்டுக்கு 20 என்று வளைவுகளை எண்ணித்தான் பெருமை பேசுவார்கள். தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டத்தில் வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி இருக்கும் மீனவர் கிராமம் கீழவைப்பார். இங்கே எண்ணுவதற்கு ஒரு வளைவுகூட இல்லை. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் உப்பளம், உடைமரம், பனை, கரிசல் காடு. எல்லாமே மட்டமான தரை.

அப்படியென்றால் சைக்கிள் ஓட்ட சுகமான ஊர்தானே என்று தோன்றும். ஜூலை மாதம் ஒரு பகல் வேளையில், இங்கிருந்து தூத்துக்குடியை நோக்கிப் பெடலை மிதித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மலை அந்தச் சாலையில் நிற்கிறது. அதன் பெயர் காற்று.

காற்றுக்கு எத்தனை வளைவு?

சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை இது. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஒருவர் போகிறார். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. எதிரே மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அவர் கூடுதலாகச் செலவிடும் பலம், 100 மீட்டர் தூரத்துக்கு 3 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மிதிப்பதற்குச் சமம். காற்று 30 கி.மீ. ஆனால் அதே 100 மீட்டருக்கு 5 மீட்டருக்கும் மேல் ஏறுகிற சாலையாகிவிடும். தோராயக் கணக்குதான். என்றாலும் மலைச்சாலை ஓட்டியவர்களுக்கு அந்த எண்ணின் அர்த்தம் தொடையில் தெரியும்.

மலையாவது நேர்மையானது. ஏறியதை இறக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். காற்று அப்படி முழுதாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. காற்றில்லாத நாளில் மணிக்கு 18 கி.மீ. ஓட்டுபவர் 30 கி.மீ. போய் 30 கி.மீ. திரும்ப 3 மணி 20 நிமிடம் போதும். எதிர்காற்றில் வேகம் 12-க்கு இறங்கி, திரும்பும்போது பின்காற்றில் 24-க்கு ஏறினால்? போக இரண்டரை மணி, வர ஒன்றேகால் மணி. மொத்தம் 3 மணி 45 நிமிடம். 'வரும்போது காற்று தள்ளிக்கொண்டு வந்துவிடும்' என்று நம்பிக் கிளம்புகிறவர் 25 நிமிடம் நஷ்டப்படுகிறார். திரும்பும் நேரத்துக்குள் காற்று திசை மாறிவிட்டால் நஷ்டம் இன்னும் கூடும்.

இதை உலகத்திலேயே நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். மலையே இல்லாத அந்த நாட்டில் எதிர்காற்று சைக்கிள் போட்டி ஒன்று இருக்கிறது. 2013-ல் தொடங்கியது. கடல் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய பெரிய தடுப்பணை மீது 8.5 கி.மீ. தூரம் புயல் காற்றை எதிர்த்து ஓட்ட வேண்டும். போட்டித் தேதியை முன்கூட்டியே அறிவிக்க முடியாது. மணிக்கு 50 கி.மீ.க்குக் குறையாத காற்று வரும் என்று வானிலை சொன்ன பிறகுதான் அறிவிப்பே வரும். இதில் விலை உயர்ந்த ரேஸ் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி, கியர் இல்லாத, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிள்தான்.

கேட்டதும் நம் ஊர் பள்ளி சைக்கிள் ஞாபகம் வருகிறதா? தமிழக அரசின் விலையில்லா சைக்கிளும் கியர் இல்லாதது, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதுதான். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் அது. பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்குமாக விரிந்தது. அந்த சைக்கிளை மிதித்து ஆடி மாதக் காற்றில் பள்ளிக்குப் போய் வருகிற கடற்கரை கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பதக்கம் கொடுக்க யாரும் இல்லை, அவ்வளவுதான்.

கச்சான், வாடை, கொண்டல்

மலைக்கிராமத்தில் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர் முதலில் எந்தச் சாலை ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்ப்பார். இங்கே முதலில் பார்க்க வேண்டியது மாதத்தை. மீனவர்கள் காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்கிலிருந்து வருவது கச்சான், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம். அவர்களுக்கு வள்ளம் தள்ளுவதா வேண்டாமா என்பதைச் சொல்லும் அதே பெயர்கள்தான், சைக்கிள்காரர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்கின்றன.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய்கள் வழியாக வறண்ட காற்றாக இங்கே பாயும். இந்த மாதங்களில் பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும். விடிகாலை மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றின் திசை அப்படியே புரண்டுவிடும். இந்த மாதங்களில் காற்றைவிட மழையைத்தான் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் மழையை இந்த மாவட்டம் மறக்காது. அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. மழைக்குப் பிறகு எந்த ஓடைப் பாலம் அரித்திருக்கிறது, எந்தச் சாலை உடைந்திருக்கிறது என்று உள்ளூரில் விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் மழை ஓய்ந்து, வெயில் இதமாகி, வடகிழக்குக் காற்று மட்டும் மிஞ்சும். சைக்கிளுக்கு இதுதான் நல்ல காலம். அதற்கு அடுத்து மார்ச், ஏப்ரலில் இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே ஓர் அமைதி வரும். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலமும் ஏறக்குறைய இதுவே. கடல் அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும் அந்த இடைவெளியில்தான் குளியாட்கள் இறங்குவார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கீழவைப்பாரின் பக்கத்து ஊரான சிப்பிகுளத்தின் பெயரில் மட்டும் சிப்பி மிச்சம் இருக்கிறது.

மார்ச், ஏப்ரலில் காற்று அமைதி என்றதும் மயங்கிவிட வேண்டாம். வெயில் அமைதியாக இருக்காது. காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் கடற்காற்றும் எழும்பிவிடும்.

கிளம்பும் முன் காற்றின் திசையைப் பார்க்க செயலி திறக்க வேண்டியதில்லை. கரையில் வள்ளங்களில் கட்டிய கொடியைப் பார்த்தால் போதும். உள்நாட்டுப் பக்கம் போனால் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. அவை எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றனவோ, அங்கிருந்துதான் காற்று வருகிறது. எல்லா வழிகளுக்கும் ஒரே விதிதான்: போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. உடம்பில் தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடித்துவிட வேண்டும்.

வடக்கே வேம்பார்

முதன்முறை வருகிறவர்களுக்கு ஏற்ற வழி இது. கீழவைப்பாரிலிருந்து ஈ.சி.ஆர். எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து, வடக்கே சூரங்குடி வழியாக வேம்பார். ஒரு வழித் தூரம் ஏறக்குறைய 20 கி.மீ. ஜனவரி, பிப்ரவரியில் போகும்போது முகத்தில் காற்று, திரும்பும்போது முதுகில். விதிக்கு அப்படியே பொருந்தும்.

வேம்பாரை நெருங்க நெருங்கப் பனை கூடும். பதநீர் காலத்தில் காலையிலேயே போனால் பட்டையில் ஊற்றிக் குடிக்கலாம். கடைகளில் விற்கும் எந்த எனர்ஜி பானமும் அதற்குப் பக்கத்தில் வராது. இது ஒரு கட்சி சார்ந்த கருத்துதான், ஆனால் குடித்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரலாம். கருப்பட்டியும் இங்கே கிடைக்கும். ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டால் திரும்பும் வழியில் உதவும்.

கடலுக்குள் எதிரே இருப்பவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் வேம்பார் பகுதித் தீவுகள்: உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி. 1986-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவில் மொத்தம் 21 தீவுகள். பிஸ்கட் உறையும் தண்ணீர் பாட்டிலும் கரையில் விட்டால், காற்று அவற்றை நேராக அங்கேதான் கொண்டு சேர்க்கும்.

தெற்கே தூத்துக்குடி

குளத்தூர், வேப்பலோடை வழியாகத் தெற்கே சுமார் 35 கி.மீ. போனால் தூத்துக்குடி. பார்க்க மிக அழகான வழி, ஓட்டக் கடினமான வழியும் இதுதான். வேப்பலோடையை ஒட்டி உப்பளங்கள் விரிகின்றன. பாத்தி பாத்தியாகத் தேங்கிய தண்ணீரில் வானம் தெரியும், ஓரத்தில் உப்புக் குவியல் வெள்ளையாக நிற்கும். உப்பளத் தொழிலாளர்கள் விடியும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஏழு மணிக்குப் போய்ச் சேருகிறவர் கண்ணுக்கு அவர்கள் பாதி நாள் வேலையை முடித்திருப்பார்கள்.

உப்பளத்தில் காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. மரமோ வீடோ இல்லாத வெட்டவெளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நேராகவும் வலப்புறமாகவும் அடிக்கும். பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கிறது. அதற்கு சைக்கிளில் போக நினைப்பவர்கள் இந்தக் காற்றோடு முட்டித்தான் ஆக வேண்டும். விடிகாலை நான்கரை, ஐந்துக்குள் கிளம்பினால் பாதிப் பிரச்னை தீரும். போய்ச் சேர்ந்ததும் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிச் சாப்பிட்டால் மீதியும் தீர்ந்துவிடும்.

வழியில் கிழக்கே பிரிந்தால் தருவைகுளம் போகலாம். மீன் வந்து இறங்கும் நேரம் பார்த்துப் போனால் கரையே சந்தையாக இருக்கும்.

மேற்கே எட்டயபுரம்

கடலை முதுகில் வைத்துக்கொண்டு உள்நாட்டுக்குள் போகும் வழி. முதலில் விளாத்திகுளம், பிறகு எட்டயபுரம். ஒரு வழித் தூரம் 45 முதல் 50 கி.மீ. வரை வரும். நூறு கி.மீ. ஓட்டிப் பழகியவர்களுக்கான வழி இது. மற்றவர்கள் விளாத்திகுளத்தோடு திரும்பலாம்.

உப்பும் மணலும் மறைந்து கரிசல் தொடங்குவதை டயரே சொல்லும். மழை நாளில் சாலையோரக் கரிசலில் சக்கரத்தை இறக்கிவிட்டால், மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. பருவத்தைப் பொறுத்து மிளகாய், உளுந்து, பாசி, மக்காச்சோளம், சூரியகாந்தி என்று காடு நிறம் மாறும். பங்குனி வெயிலில் களங்களில் மிளகாய் வற்றல் காயும்போது, காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் தும்மிக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். இடையிடையே சீமைக்கருவேல விறகில் போட்ட கரிமூட்டத்தின் புகையும் வரும்.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ல் பாரதி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் அதே ஊரில்தான். பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் விளாத்திகுளம் வரை வண்டியில் சைக்கிளை ஏற்றிச் சென்று, அங்கிருந்து ஓட்டுவது புத்திசாலித்தனம்.

இந்த வழியில் கோடைக்காலத்தில் ஒரு பொறி உண்டு. காலையில் காற்றே இல்லாமல் சுகமாக எட்டயபுரம் போய்விடலாம். மதியம் திரும்பும்போது கடற்காற்று கிழக்கிலிருந்து எதிரே வந்து நிற்கும். தலைக்கு மேல் வெயில், முகத்தில் காற்று, பாட்டிலில் தண்ணீர் இல்லை என்ற நிலை வரும். மார்ச் முதல் மே வரை பதினொரு மணிக்குள் வீடு திரும்ப முடியாது என்றால் இந்த வழியைத் தொடாமல் இருப்பதே நல்லது. தண்ணீர் எப்படியும் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையக் கூடாது. வியர்வை உப்பாகப் படியும் நாட்களில் வெறும் தண்ணீர் போதாது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் அல்லது மோர் வேண்டும்.

லாரி கடக்கும்போது என்ன நடக்கிறது?

வீட்டில் பிள்ளைகளுக்கு அனுமதி கொடுக்கும் முன் பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இதுதான். 2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஈ.சி.ஆரில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை கிடையாது. லாரியும் பேருந்தும் போகும் அதே சாலைதான். பக்கவாட்டுக் காற்று இருக்கும் நாளில் இங்கே ஓர் ஆபத்து கூடுதலாகச் சேர்கிறது.

ஜூலையில் தெற்கு நோக்கிப் போகும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். காற்று மேற்கிலிருந்து, அதாவது வலப்புறமிருந்து தள்ளுகிறது. விழாமல் இருக்க, ஓட்டுபவர் தன்னை அறியாமல் வலப்புறம் லேசாகச் சாய்ந்தே ஓட்டுவார். அந்த நேரம் ஒரு லாரி வலப்புறம் முந்துகிறது. லாரியின் உடம்பு ஒரு நொடி காற்றை மறைத்துவிடும். தள்ளிக்கொண்டிருந்த காற்று திடீரென்று இல்லை, சாய்ந்த உடம்பு அப்படியே இருக்கிறது. சைக்கிள் லாரியை நோக்கி வளையும். லாரி கடந்ததும் காற்று மீண்டும் மொத்தமாக வந்து அறைய, சைக்கிள் இந்தப் பக்கம் எகிறும்.

வடக்கே போனால் காற்று இடப்புறமிருந்து வந்து சாலையின் நடுவை நோக்கித் தள்ளும். இது வேறு வகை ஆபத்து. வைப்பாற்றுப் பாலம் போன்ற இடங்களில் ஒதுங்க மண் ஓரமும் இருக்காது.

இதற்குப் பலத்தைவிடப் பழக்கமே மருந்து. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்வாக வைக்க வேண்டும். உடம்பைத் தாழ்த்த வேண்டும். பத்து, இருபது ரூபாய்க் கஞ்சத்தனம் பார்க்காமல் ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டால் பின்னால் வருவது தெரியும். எதிரே ஒரு லாரியும் பின்னால் ஒரு லாரியும் ஒரே நேரத்தில் வருவது தெரிந்தால், இறங்கி மண்ணில் நின்றுவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விடியும் முன் கிளம்புகிறவர்களுக்குப் பின்னால் சிவப்பு விளக்கும், மட்கார்டில் ரிஃப்ளெக்டரும், தலையில் ஹெல்மெட்டும் இல்லாமல் ஈ.சி.ஆர். வேண்டவே வேண்டாம். பலத்த பக்கக்காற்று நாளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை இந்தச் சாலைக்கு அனுப்பக் கூடாது. ஊருக்குள்ளும் கரையோரக் கிராமச் சாலைகளிலும் ஓட்டட்டும்.

இரண்டு பேர் போனால் முன்பின்னாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறி ஓட்டலாம். முன்னால் போகிறவரின் முதுகு காற்றை வெட்டுவதால் பின்னால் வருபவருக்குக் கணிசமான பலம் மிச்சமாகும். அண்ணன் முன்னால், தங்கை பின்னால் என்று போனால் இருவர் வேகமும் ஒத்துப்போகும். தங்கை வேகமானவர் என்றால் மாற்றிக்கொள்ளலாம்!

எந்த சைக்கிள்?

ஐம்பதாயிரம் ரூபாய் ரேஸ் சைக்கிள் தேவையே இல்லை. ஏழு கியர் இருக்கிற சாதாரண சைக்கிள் என்றால் வசதி. மலையில் செய்வது போலவே எதிர்காற்றிலும் கியரைக் குறைத்து, வேகத்தை மறந்து, காலை மட்டும் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். பெரிய கியரில் முறைத்துக்கொண்டு மிதித்தால் முழங்கால்தான் தோற்கும். கியர் இல்லாத சைக்கிள்காரர்கள் தூரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். சீட் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீளவில்லை என்றால் சீட் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

பஞ்சர் கட்டாயம் வரும். சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேல முள். மாற்று டியூப், கை பம்ப், டயர் கழற்றும் நெம்பி மூன்றும் பையில் இருக்கட்டும். முள் குத்தியதும் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அரை கி.மீ.யில் மறுபடி காற்று இறங்கும். ஒடிந்த முள் டயருக்குள்ளேயே இருக்கும். விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து எடுத்த பிறகே டியூபை மாட்ட வேண்டும்.

வீடு வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்தால் உப்புக்காற்று தன் வேலையைத் தொடங்கிவிடும். செயின், ஸ்போக்ஸ், பிரேக் கேபிள் மூன்றிலும்தான் துரு முதலில் பிடிக்கும். ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு பழைய துணி, செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் போதும். கடற்கரை ஊர்களில் எத்தனையோ பள்ளி சைக்கிள்கள், பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் கொல்லைப்புறத்தில் துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் புது டயர், புது செயின் மாற்றினால் மறுபடி ஓடும்.

மலைக்கே போக ஆசையா?

கீழவைப்பாரில் கடலைத் தொடும் வைப்பாறு, மேற்கே கேரள எல்லையில் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் பிறக்கிறது. இந்தக் கரையில் எதிர்காற்றில் ஒரு மணி நேரம் சீராக மிதிக்கப் பழகியவருக்கு ஏற்காடோ கொல்லிமலையோ மிரட்டலாகத் தெரியாது. ஏற்றத்துக்கு வேண்டிய மூச்சும் பொறுமையும் ஏற்கெனவே வந்திருக்கும்.

மட்டத்தரை கற்றுத் தராத ஒரே விஷயம் இறங்குவது. கொண்டை ஊசி வளைவில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் ரிம் சூடேறும். விட்டு விட்டு, முன்னும் பின்னும் மாற்றி அழுத்த வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய் அல்ல. கடற்கரையில் ஓடிய சைக்கிளோடு மலைக்குப் போவதென்றால் துருப்பிடித்த பிரேக் கேபிளையும் தேய்ந்த பிரேக் ரப்பரையும் மாற்றிவிட்டு, மூன்று நான்கு வளைவுகள் உள்ள சிறிய இறக்கத்தில் ஒருமுறை இறங்கிப் பார்த்த பிறகு 70 வளைவுகளுக்குப் போகலாம்.